கேட்காமல் நிறுவியது

அலுவலகத்தில் அவளைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள், அதுவும் முகத்துக்கு நேராகவே. அவள் கோபித்துக்கொண்டதில்லை. அவள் பார்த்த வேலை அப்படி. அந்தக் காப்பீட்டு நிறுவனத்தில் மாடிக்கு மாடி நிறைந்திருந்த கணினிகளில் புது மென்பொருள் போடுவது அவள் பொறுப்பு. ஒவ்வொரு மேசையாகப் போய் உட்கார்ந்து போட்டால் தலை நரைத்துவிடும். அதனால் தன் இடத்தைவிட்டு அசையாமலே, சத்தமில்லாமல் எல்லாவற்றிலும் போட்டுவிடுவாள்.

சாதாரணமாக ஒரு மென்பொருளைப் போட ஆரம்பித்தால் அது நச்சரித்து எடுத்துவிடும். நிபந்தனைகளை ஏற்கிறீர்களா, எந்த ஃபோல்டரில் வைக்கட்டும், முகப்பில் ஐகான் வேண்டுமா, இப்போதே ரீஸ்டார்ட் செய்யட்டுமா என்று கேள்வி மேல் கேள்வி. நாமும் எதையும் படிக்காமல் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டு போவோம். அவள் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதிவிடுவாள். கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறந்து, மென்பொருளை நிறுவும் இன்ஸ்டாலரின் பெயரை அடிப்பாள். அதன் வாலில் ஒரு சாய்கோடு, ஒரு சொல். இன்னொரு சாய்கோடு, இன்னொரு சொல். வாயைத் திறக்காதே என்பதற்கு ஒன்று, ரீஸ்டார்ட் செய்யாதே என்பதற்கு ஒன்று, இன்ன இடத்தில் போய் உட்கார் என்பதற்கு ஒன்று. ஊழியர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புது மென்பொருள் நெடுநாள் குடித்தனக்காரர் மாதிரி உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

"உன் வேலை ஒழுங்கா நடந்தா ஒருத்தருக்கும் தெரியாது. சொதப்பினா ஊருக்கே தெரியும்," என்பார் பிரிவுத் தலைவர். ஒரு தடவை ரீஸ்டார்ட் வேண்டாம் என்ற அந்த ஒரு சொல்லை அவள் விட்டுவிட்டாள். கணக்குப் பிரிவின் கணினித் திரைகள் மொத்தமும் மத்தியானத்தில் ஒரே நேரத்தில் இருண்டன. அன்று அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. அதற்குப் பிறகு ஒரு சொல்லைக்கூட இரண்டு தடவை படிக்காமல் அனுப்பமாட்டாள்.

இதெல்லாம் அலுவலகத்தில். வீட்டில் அவள் பெரியவள். நமக்கும் பெரியவளாகவே இருக்கட்டும். அப்பா அம்மா போய்ச் சேர்ந்தபின் அவளுக்கு உறவென்று மிஞ்சியது தங்கை சின்னவள் மட்டும்தான். பெரியவள் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். சின்னவளுக்குக் கல்யாணமாகி, இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் குழந்தை இருந்தது. அவளை எல்லோரும் பாப்பா என்பார்கள்.

சின்னவளின் கணவர் ஒரு பெரிய மரச்சாமான் கடையின் மேலாளர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். யார் வந்தாலும் அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார். "இவளுக்கு அதிர்ஷ்டம் கூரையைப் பிச்சிட்டுக் கொட்டியிருக்கு" என்று சொந்தக்காரர்கள் வயிறெரிந்தார்கள். பெரியவளுக்கும் அவர்மேல் தனி மரியாதை உண்டு. தன்னை வாய் நிறைய அக்கா என்று அழைக்கும் மனிதரிடம் குறை காணத் தோன்றுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். சின்னவள் சமையலறையில் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க வேலைதான் இது. பசங்க கம்ப்யூட்டர்ல என்ன பாக்குறாங்கன்னு கவனிக்கிற சாஃப்ட்வேராம். வாங்கிட்டேன். ஆனா போட ஆரம்பிச்சா கேள்வி கேட்டே கொல்லுது. பாப்பா பாத்துட்டா ஆயிரம் கேள்வி கேப்பா. சத்தம் காட்டாம போட வழி இருக்கா?"

"இல்லாம என்ன? எனக்குச் சோறு போடுறதே அதுதானே," என்று பெரியவள் சிரித்தாள்.

தன் மடிக்கணினியைத் திறந்து பென் டிரைவைச் செருகினாள். கறுப்புத் திரையில் இன்ஸ்டாலரின் பெயரை அடித்து, சாய்கோடும் கேள்விக்குறியும் போட்டாள். அப்படிக் கேட்டால் பெரும்பாலான இன்ஸ்டாலர்கள் தமக்கு என்னென்ன தெரியும் என்று தாமே சொல்லிவிடும். ஒரு சின்னப் பெட்டி விரிந்தது. அவள் விரலால் காட்டிக் காட்டி விளக்கினாள். திரையில் எதுவும் காட்டாமல் போட இது. ஐகான் வேண்டாம் என்றால் இது. நிறுவிய மென்பொருள்களின் வரிசையில் பெயர் வராமலிருக்க இது. பார்த்ததையெல்லாம் எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதற்கு இது. அதை மட்டும் நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

அவர் பக்கத்தில் குனிந்து உன்னிப்பாகக் கேட்டார். நல்ல மாணவன் மாதிரி இருந்தது.

"யாராவது இதை எடுக்கப் பாத்தா பாஸ்வேர்டு கேக்குற மாதிரி வைக்கலாமாக்கா?"

பெரியவளின் விரல் ஒரு கணம் விசைப்பலகைமேல் நின்றது. ஏழு வயதுக் குழந்தையா இதையெல்லாம் தேடிப் பிடித்து எடுக்கப் போகிறது? ஆனால் அந்தக் கேள்வி மனதில் வந்த வேகத்திலேயே போய்விட்டது. சமையலறையிலிருந்து சின்னவள் "அக்கா, காப்பியா டீயா?" என்று கேட்டாள். பெரியவள் "எது சுலபமோ அது" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு சாய்கோட்டைப் போட்டாள். மொத்தத்தையும் ஒரு சிறு கோப்பில் அடக்கி, இரண்டு தட்டுத் தட்டினால் போதும் என்ற அளவுக்குச் செய்துகொடுத்தாள்.

"கை குடுத்துட்டீங்கக்கா," என்றார் அவர்.

அதன்பிறகு கொஞ்ச காலம் நல்ல செய்தியாகவே வந்தது. சின்னவள் இணையக் கடையில் ஒரு கைப்பையை எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறாள். விலையைக் கண்டு மூடிவிட்டாள். அந்த வாரமே அவர் அதே பையோடு வந்து நின்றாராம். "வாயே திறக்கலைக்கா நான். எப்படித் தெரிஞ்சுதுன்னே தெரியல. மனசுக்குள்ள பூந்து பாத்த மாதிரி," என்று போனில் பூரித்துப் போனாள்.

பிறகு அந்தப் பூரிப்பு குறைந்தது. சின்னவள் வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவள். ஒரு பதிப்பகத்தில் நிரந்தர வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். கிடைத்த பிறகு வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். நேர்காணலுக்குப் போய் நின்றால், வரவில்லை என்று நீங்கள்தானே எழுதினீர்கள் என்று அவர்கள் விழித்தார்களாம். கல்லூரித் தோழி ஒருத்தி திடீரென்று பேச்சை நிறுத்திக்கொண்டாள். சாப்பிட உட்காரும்போது கணவர், "என்னோட இருக்கிறது மூச்சு முட்டுற மாதிரி இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். அந்த வார்த்தைகளைத்தான் அவள் அன்று காலை இன்னொரு தோழிக்கு எழுதியிருந்தாள்.

ஒருநாள் சின்னவள் பெரியவளின் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். வரவேற்பறையில் காகிதக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"அக்கா, சின்ன வயசுல நாம ஒரே அறையிலதானே படுப்போம். நான் தூக்கத்துல பேசுவேனா?"

"இல்லையேடி. ஏன்?"

"நான் நினைக்கிறதெல்லாம் அவருக்குத் தெரியுது. பேசாம இது எப்படி நடக்கும்? இப்பல்லாம் அவர் பக்கத்துல இருந்தா எதையும் நினைக்கவே பயமா இருக்கு. எனக்குப் புத்தி ஏதாவது கலங்கிப்போச்சா?"

பெரியவள் ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பினாள். அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை. தன் இடத்துக்குத் திரும்பி, அன்று அனுப்ப வேண்டிய மென்பொருளுக்குக் கட்டளை எழுத உட்கார்ந்தாள். அமைதி என்ற சொல்லை அடித்தாள். ஐகான் வேண்டாம் என்ற சொல்லை அடித்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. யாரோ பின்கழுத்தில் ஈரத்துணியை வைத்தது போல் இருந்தது. பாஸ்வேர்டு வைக்கலாமாக்கா என்று கேட்ட குரல், அதே பணிவோடு காதில் ஒலித்தது.

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, அவர் கடைக்குப் போயிருக்கக்கூடிய நேரம் பார்த்துத் தங்கை வீட்டுக்குப் போனாள். பாப்பா பள்ளிக்குப் போயிருந்தாள். சின்னவளின் மேசையில் கணினி திறந்திருந்தது. பாதி மொழிபெயர்த்த பக்கம் ஒன்று திரையில் இருந்தது. பெரியவள் நின்றபடியே கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரி அடித்தாள். எந்த இடத்தில் போய் உட்காரச் சொல்லி அவள் எழுதிக்கொடுத்தாளோ, அதே இடத்தில் அது உட்கார்ந்திருந்தது. ஓடிக்கொண்டும் இருந்தது.

திரையை மூடிவிட்டுத் தங்கையைப் பார்த்து வாயைத் திறந்தாள். அப்போதுதான் இன்ஸ்டாலர் காட்டிய அந்தச் சின்னப் பெட்டியில் அவள் தொடாமல் விட்ட ஒரு வரி நினைவுக்கு வந்தது. மைக். வேண்டாம் என்று சொன்னால் நிறுத்திவிடும். சொல்லாவிட்டால் கேட்டுக்கொண்டே இருக்கும். அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கவில்லை.

திறந்த வாயை மூடிக்கொண்டாள். தங்கையின் கையைப் பிடித்து, உதட்டில் விரல் வைத்து, போனைக்கூட எடுக்கவிடாமல் வெளியே இழுத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள். மாடிப்படித் திருப்பத்தில் தண்ணீர் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

சின்னவள் நம்பவில்லை. "அவர் அப்படிப்பட்டவர் இல்லக்கா. பாப்பாவுக்குன்னு சொல்லித்தானே வாங்கினார்?"

"பாப்பா உன் கம்ப்யூட்டரைத் தொடுறாளா?"

"அவளுக்குத்தான் தனியா டேப் இருக்கே." சொல்லி முடித்ததும் சின்னவளின் முகம் மாறியது. "போட்டுக் குடுத்தது யாரு?"

"நான்தான்."

"யாருக்குப் போடுறாங்கன்னு கேக்கலையா?"

"கேக்கலடி."

சின்னவள் அக்காவின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள். அழவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில், "எனக்கு நிச்சயமாத் தெரியணும்," என்றாள்.

"அப்ப ஒண்ணு செய். உள்ள போ. ஒரு வார்த்தை பேசாத. நடக்காத எதையாவது யாருக்காவது எழுது. என்ன நடக்குதுன்னு பாப்போம்."

சின்னவள் போய் மேசையில் உட்கார்ந்தாள். பேச்சை நிறுத்திய அந்தத் தோழிக்கே எழுதினாள்: அக்கா வந்திருந்தாள், போய்விட்டாள். தலைவலி மண்டையைப் பிளக்கிறது. பாப்பா வரும்வரை படுக்கப் போகிறேன். அனுப்பிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பெரியவள் கதவோரம் மூச்சுவிடக்கூட யோசித்தபடி நின்றாள். சுவர்க் கடிகாரம் அத்தனை சத்தமாக ஓடும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மேசைமேல் கிடந்த போன் அதிர்ந்தது. சின்னவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா பண்றே?" அதே மெல்லிய குரல். பின்னால் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம்.

"சும்மாதாங்க."

"அலமாரியில மாத்திரை இருக்கு. போட்டுட்டுப் படு. திரையையே பாத்துட்டு உக்காந்திருக்காத. தலைவலி ஜாஸ்தியாயிடும்."

சின்னவளின் உதடு வெளுத்தது. ஆனால் குரல் பிசகவில்லை. "சரிங்க."

"அக்கா போயாச்சு இல்ல?"

"போயாச்சு."

"வேலை நாள்ல எதுக்கு வந்தாங்களாம்?"

சின்னவள் அக்காவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பிரின்டர் மக்கர் பண்ணுச்சு. அதான் பாக்கச் சொன்னேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றார். வைத்துவிட்டார்.

நம்பினாரா இல்லையா என்று இருவருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு சின்னவள் செய்ததைப் பெரியவள் நினைத்து நினைத்து வியந்திருக்கிறாள். அத்தனை நாள் தன் புத்தியையே சந்தேகித்துக் கிடந்தவள், நிமிர்ந்து எழுந்தாள். கட்டிலில் போய்ப் படுப்பதுபோல் பொத்தென்று சத்தம் வரும்படி உட்கார்ந்தாள். பிறகு செருப்பில்லாமல் நடந்து, பாப்பாவின் துணிகளையும் சான்றிதழ்களையும் ஒரு பையில் திணித்தாள். போனைத் தலையணைமேல் வைத்தாள். கணினியை அணைக்கப் போன பெரியவளின் கையைப் பிடித்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். அது ஓடிக்கொண்டிருக்கும்வரை வீட்டில் ஆள் இருப்பதாக அவர் நினைப்பார்.

பள்ளியிலிருந்து பாப்பாவை அழைத்துக்கொண்டு பெரியவளின் இரண்டு அறை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சாயங்காலம் வெளிச்சம் குறையும் முன்பே அழைப்பு மணி அடித்தது. பெரியவள் உள்கதவைத் திறந்து, கம்பிக்கதவைத் திறக்காமல் நின்றாள். அவர் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றிருந்தார்.

"அவளைக் கூப்பிடுங்கக்கா."

"வரமாட்டா."

"சரி. கோபம் ஆறட்டும்." அவர் குரல் உயரவில்லை. "ஆனா ஒண்ணு யோசிச்சீங்களா? அந்தக் கோப்பை எழுதினது யாரு? எனக்கு இதெல்லாம் எங்க தெரியும்? நான் நாற்காலி விக்கிறவன். இதுதான் உங்க தொழில்னு உங்க ஆபீஸ் முழுக்கத் தெரியுமே. நாளைக்குக் கேள்வின்னு வந்தா யார் பதில் சொல்லணும்னு பாருங்க. நான் உங்களுக்காகத்தான் சொல்றேன்."

அவர் நிதானமாகக் குனிந்து காலணியை மாட்டிக்கொண்டார். படியிறங்கும் முன் உள்ளே எட்டிப் பார்த்து, "பாப்பா, அப்பா நாளைக்கு வர்றேன்டா," என்று குரல் கொடுத்தார். உள்ளறையில் சின்னவள் குழந்தையின் காதுகளைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் பெரியவள் நேராகப் பிரிவுத் தலைவரின் அறைக்குப் போய், ஒன்று விடாமல் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உன் தங்கச்சியோட மெஷினை யாரும் தொடக்கூடாது. எதையும் அழிச்சிடாதே. அப்படியே போலீஸ் கையில போய்ச் சேரணும்," என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "விசாரணை முடியிறவரைக்கும், மத்தவங்க கம்ப்யூட்டருக்குள்ள போற உன் அனுமதியை நிறுத்தி வைக்கிறதைத் தவிர எனக்கு வேற வழியில்லம்மா," என்றார். அன்று முதல் அவளுக்குப் பழுதான விசைப்பலகைகளை மாற்றும் வேலை. யாரும் பூனை என்று கூப்பிடவில்லை. அவள் வந்தால் பேச்சு நின்றது. சிலர் தங்கள் கணினியில் கேமரா இருக்கும் இடத்தில் காகிதம் ஒட்டிக்கொண்டார்கள்.

சின்னவள் கொடுத்த புகாரில் போலீஸ் அந்தக் கணினியைக் கைப்பற்றியது. குடும்பப் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரணை நடந்தது. அதிகாரி நடுவயதுப் பெண்மணி. மேசைவிசிறிக் காற்றில் காகிதங்கள் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு பேசினார். சின்னவளின் கணவர் எதிர்வரிசையில் இஸ்திரி கலையாத சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பெரியவளைக் கண்டதும் பாதி எழுந்து, "நல்லா இருக்கீங்களாக்கா?" என்றார்.

"இதை எழுதினது நீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆமா. நான்தான் எழுதினேன். குழந்தைக்குன்னு சொல்லிக் கேட்டார். நான் அதுக்கு மேல கேக்கல."

"எழுதினவங்களே ஒத்துக்கிட்டாங்க மேடம்," என்றார் அவர் பணிவாக.

"அனுப்புற முகவரி யாரோடது?" அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். "அதை யாரு நிரப்பினா? அந்த வேலைக்கு வரலைன்னு இவங்க பேர்ல யாரு எழுதினா?"

அவர் முதல்முறையாகப் பதில் சொல்லத் தாமதித்தார். அந்தத் தாமதத்திலும் முகம் கலையவில்லை. சின்னவளைப் பார்த்து, "உன் நல்லதுக்குத்தானேம்மா," என்றார். வேறு யாருமே அந்த அறையில் இல்லாததுபோல அதைச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அதை உண்மையாகவே நம்புகிறார் என்று அப்போதுதான் பெரியவளுக்குப் புரிந்தது.

வழக்கு முடியும்வரை அவர் சின்னவளையும் பாப்பாவையும் நெருங்கக்கூடாது என்று உத்தரவு கிடைத்தது. பெரியவள்மேல் நடவடிக்கை வேண்டுமா என்பது பிறகு தீர்மானிக்கப்படும் என்றார்கள். படியிறங்கி வெளியே வந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. சின்னவள் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பெரியவளின் இரண்டு அறை வீட்டில் மூவரும் ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக இருந்தும், அக்காவிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை அவள் பேசி நாளாகியிருந்தது. பெரியவளும் வலியப் பேச முயலவில்லை. பேசுகிற உரிமையை அவளே தரட்டும் என்று இருந்தாள்.

சாலையைக் கடக்கும் இடத்தில் விளக்கு மாறிவிட்டது. சின்னவளும் பாப்பாவும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பெரியவள் இந்தப் பக்கம் சிக்கிக்கொண்டாள். வண்டிகள் பாய ஆரம்பித்தன. அவற்றுக்கு நடுவே, எந்த அவசரமும் இல்லாமல், அவருடைய சாம்பல்நிறக் கார் வந்தது. சின்னவள் நின்றிருந்த இடத்துக்கு நேரே வந்ததும் வேகம் இன்னும் தணிந்தது. கண்ணாடி இறங்கவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. உத்தரவை மீறியதாக யாரும் சொல்ல முடியாத தூரத்தில் ஊர்ந்து, முனையில் திரும்பிப் போனது.

சின்னவள் அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையைத் தன் பக்கமாக இழுத்து நிறுத்திக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பி, அக்காவைத் தேடினாள்.

"சீக்கிரம் வாக்கா," என்று வண்டிச் சத்தத்துக்கு மேல் கத்தினாள்.